நேர் தெற்கே ஒரு குடித்தனம்

குலசேகரன்பட்டினம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, முத்தாரம்மன் கோயில் தசரா. காளி, குறவன், கரடி, குரங்கு என்று ஊரே வேஷம் கட்டி ஆடும். இன்னொன்று, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம். ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இங்கே எதற்கு இன்னொன்று என்று கேட்பவர்கள் உண்டு. அங்கிருந்து தெற்கு நோக்கி ராக்கெட்டை விட்டால் இலங்கை குறுக்கே வருகிறது. சுற்றி வளைத்துக்கொண்டு போக வேண்டும், எரிபொருள் வீண். எங்கள் ஊரிலிருந்து விட்டால் மணப்பாட்டு மணல்மேட்டைத் தவிரக் குறுக்கே எதுவும் இல்லை. எல்லாம் கடல்தான்.

அந்தக் கடலில் நேர் தெற்காகப் போய்க்கொண்டே இருந்தால் எங்கே போய் நிற்போம்? குழந்தைகளின் பூமி உருண்டையில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். நிலநடுக்கோட்டைத் தாண்டி, சுமார் 5,100 கிலோமீட்டர் போனதும் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்று பிரெஞ்சுக்காரர்களுக்குச் சொந்தமான இரண்டு பொட்டுத் தீவுகள். அங்கே பாறைக்குப் பாறை தத்தித் தாவும் மஞ்சள் புருவப் பென்குயின்கள் இருக்கின்றன. அதையும் தாண்டிப் போனால், எங்கள் ஊரிலிருந்து சுமார் 8,600 கிலோமீட்டரில் அண்டார்க்டிகா கரை. லார்ஸ்மன் குன்றுகள் என்ற அந்த இடத்தில்தான் 2012 முதல் நம் நாட்டின் 'பாரதி' ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்குச் சற்றுக் கிழக்கே அமண்டா விரிகுடாவில் எம்பரர் பென்குயின்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் குஞ்சு பொரிக்கின்றன.

ஆகக்கூடி, எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் தெற்கே, கடல் தாண்டி அடுத்த குடித்தனம் பென்குயின்களுடையது! அடுத்த வீட்டுச் சமாசாரம் என்றால் நமக்குக் காது நீளாமல் இருக்குமா?

அந்தப் பனிக்கண்டத்துக்கு நம் பெண்களும் போயிருக்கிறார்கள். 1983-ல் நிலவியல் நிபுணர் சுதிப்தா சென்குப்தாவும் கடலியல் நிபுணர் அதிதி பந்தும் முதன்முதலாகப் போனார்கள். 2016 நவம்பரில் இஸ்ரோவிலிருந்து மங்களா மணி என்ற அம்மையார் தமது 56-வது வயதில் பாரதி நிலையத்துக்குப் போய் 403 நாட்கள் இருந்துவிட்டு வந்தார். 23 பேர் கொண்ட குழுவில் அவர் ஒருவர்தான் பெண். ஐம்பதைத் தாண்டினாலே, "இனிமே நமக்கு என்ன இருக்கு?" என்று பெருமூச்சு விடுகிற நாம் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, பென்குயினுக்கு வருவோம். குழந்தைகளின் ஓவிய நோட்டில் பென்குயின் என்றால் பனிக்கட்டி மேல்தான் நிற்கும். உண்மையில் உலகத்தில் உள்ள பதினெட்டு வகைகளில் சிலதான் பனியில் வாழ்பவை. தென்னாப்பிரிக்காவின் வெயில் கடற்கரையில் ஒரு வகை இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு கிலோ எடையில், ஓர் அடி உயரத்தில் குட்டி வகை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் விட ஆச்சரியம் கலபகோஸ் தீவுப் பென்குயின். அது நிலநடுக்கோட்டிலேயே வாழ்கிறது. குலசேகரன்பட்டினம் நிலநடுக்கோட்டுக்கு எட்டரை டிகிரி வடக்கே இருக்கிறது. அந்தப் பென்குயின் நம்மை விட உஷ்ணப் பிரதேசத்துக்காரி!

அப்படியானால் நம் கடலில் ஏன் இல்லை? காரணம் தண்ணீர். பென்குயின் இருக்கும் இடத்திலெல்லாம் அடிக்கடலிலிருந்து குளிர்ந்த நீர் மேலே பொங்கி வரும். அந்த நீரோடு சத்து வரும், சத்தைத் தின்னச் சிறு மீன் கூட்டம் கூட்டமாக வரும். பனி இல்லாவிட்டாலும் பென்குயின் சமாளிக்கும். மீன் இல்லாவிட்டால் முடியாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மும்பையில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பைகுல்லாவில் ராணி பாக் என்று சொல்லப்படும் உயிரியல் பூங்காவில் பென்குயின்களைப் பார்த்தேன். 2016 ஜூலையில் தென்கொரியாவின் சியோல் நகரிலிருந்து எட்டு ஹம்போல்ட் பென்குயின்களைக் கொண்டு வந்தார்கள். ஒன்று சில மாதங்களில் இறந்துபோனது. 2018 ஆகஸ்டில் பொரித்த முதல் குஞ்சும் ஒரு வாரத்தில் போய்விட்டது. அதன் பிறகு பிறந்த குஞ்சுகள் பல நன்றாக வளர்ந்து, குடும்பம் பெருகியிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர்சாதன அறை. இந்தப் பக்கம் வியர்த்துக்கொண்டு நாங்கள். பெரு, சிலி நாட்டுக் கடற்கரையைச் சேர்ந்த இந்த வகைக்குக் கண்ணைச் சுற்றியும் அலகின் அடியிலும் இறகில்லாத ரோஸ் நிறத் தோல் இருக்கிறது. வெயில் ஏறினால் அந்த இடத்துக்கு ரத்தம் அதிகமாக ஓடி உடம்புச் சூட்டை வெளியே விடும். நாம் முந்தானையால் விசிறிக்கொள்வது போல!

இனி உடம்பின் அமைப்பைப் பார்ப்போம். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துக் குளக்கரை மரங்களில் நீர்க்காகம் சிறகை அகல விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முங்கி மீன் பிடித்ததில் இறகு நனைந்துவிடும், பாவம். பென்குயினுக்கு அந்தச் சள்ளை இல்லை. குட்டை குட்டையாக, ஓட்டின் மேல் ஓடு அடுக்கியது போல நெருக்கமான இறகுகள். வால் அடியில் ஒரு சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து உடம்பெல்லாம் தடவிக்கொள்கிறது. தண்ணீர் தோலைத் தொடுவதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை பழைய இறகெல்லாம் மொத்தமாக உதிர்ந்து புது இறகு முளைக்கும். அந்த இரண்டு மூன்று வாரமும் கடலில் இறங்க முடியாது, பட்டினிதான். அதனால் முன்கூட்டியே வயிறு முட்டத் தின்று கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு கரை ஏறும்.

மற்றப் பறவைகளின் எலும்பு உள்ளே கூடாக இருக்கும். பென்குயினுக்கு எலும்பு கெட்டி. அந்தக் கனம்தான் அதை முங்க வைக்கிறது. சிறகு துடுப்பாகிவிட்டது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. மேலேயிருந்து பார்த்தால் ஆழ்கடலின் இருட்டோடும், கீழேயிருந்து பார்த்தால் வானத்தின் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். உப்பளக் காற்றில் வாழும் எங்களை வியக்க வைக்கும் விஷயம் இன்னொன்று உண்டு. பென்குயின் கடல் நீரையே குடிக்கும். கண்ணுக்கு மேலே இருக்கும் ஒரு சுரப்பி ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து, மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே தள்ளிவிடுகிறது. தூத்துக்குடி உப்பளங்களுக்கு வரும் பூநாரைக்கும் இதே வசதி உண்டு. பென்குயினுக்கு இனிப்பும் கசப்பும் தெரியாது என்று 2015-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மாமிச ருசி கூடத் தெரியாதாம். மீனை அப்படியே விழுங்குகிறவளுக்கு ருசி எதற்கு!

எங்கள் பக்கத்துக் கடலில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தக் காலத்தில் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்கள் ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிஷம் மூச்சை அடக்குவார்கள். எம்பரர் பென்குயின் 500 மீட்டருக்கும் கீழே போகும். அரை மணி நேரத்துக்கு மேல் மூச்சடக்கிய பறவையும் உண்டு. அதன் சதையிலேயே பிராணவாயுவைச் சேமித்து வைக்கும் பொருள் நிறைய இருக்கிறது. முங்கியதும் இதயத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு, அந்தச் சேமிப்பைச் சிக்கனமாகச் செலவு பண்ணுகிறது.

முத்துக்குளிக்கப் போகிறவன் மேலே கயிறு பிடிக்கும் வேலையை மைத்துனனிடம்தான் கொடுப்பான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதே, அவன் அசந்துபோக மாட்டான்! பென்குயினுக்குக் கயிறு பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் கரையில் முட்டையை வைத்துக்கொண்டு காத்திருக்க ஓர் ஆள் உண்டு. அந்தக் குடித்தனத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச ஆசைப்பட்டேன்.

எம்பரர் பென்குயின் அண்டார்க்டிகாவின் கடுங்குளிர்காலத்தில் முட்டை இடுகிறது. ஒரே முட்டை, ஏறக்குறைய அரைக் கிலோ. கூடு கிடையாது. தாய் தன் பாதத்திலிருந்து தகப்பனின் பாதத்துக்கு முட்டையை மெள்ள உருட்டி விடும். பனியில் விழுந்து சில நிமிஷம் கிடந்தால் உள்ளே இருக்கிற உயிர் போய்விடும். தகப்பன் அதைப் பாதத்தின் மேல் ஏற்றி, அடிவயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொள்ளும். பிரசவித்த தாய் உடம்பு தேற்றிக்கொள்ளக் கடலுக்குப் புறப்பட்டுவிடும். ஆமாம், பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வும் சாப்பாடும். அடைகாப்பது அப்பாவின் வேலை! சுமார் 65 நாள், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில், நின்றபடியே. ஜோடி சேர வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் தகப்பனுக்கு நூறு நாளுக்கு மேல் பட்டினி. எடையில் பத்தில் நாலு பங்கு கரைந்துவிடும். குளிருக்கு எல்லா அப்பாக்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். கூட்டம் சின்னச் சின்ன அடியாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் நிற்பவருக்கும் உள்ளே போகும் முறை வரும்.

தாய் திரும்புவதற்கு முன்னால் குஞ்சு பொரித்துவிட்டால்? பட்டினி கிடக்கும் அந்தத் தகப்பனின் தொண்டையிலிருந்து பால் போன்ற ஒரு சத்து ஊறும். அதைக் கொடுத்துச் சில நாள் காப்பாற்றும். புறாவும் பூநாரையும் குஞ்சுக்கு இப்படித்தான் பால் கொடுக்கின்றன. தாய் வயிறு நிறைய மீனோடு வந்து சேர்ந்ததும், ஆயிரம் குரல்களுக்கு நடுவே புருஷனின் குரலை அடையாளம் கண்டு குஞ்சை வாங்கிக்கொள்ளும். அப்புறம் அவர் கடலுக்குப் போவார். குஞ்சு வளர்ந்து பசி கூடினதும் இரண்டு பேரும் சம்பாதிக்கப் போக வேண்டும். அப்போது குஞ்சுகளெல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்கும். பென்குயின்களின் பால்வாடி!

தாடையில் கறுப்புக் கோடு போட்ட ஒரு வகை உண்டு. அது அடைகாக்கும்போது எப்படித் தூங்குகிறது என்று 2023-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. ஒரு தடவைக்கு நாலு விநாடிதான் கண் அயர்கிறதாம். அப்படி ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல்! எல்லாம் சேர்த்தால் பதினோரு மணி நேரம் ஆகிறது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அழுதாலும் குற்றமில்லை.

மும்பையில் நான் பார்த்த ஹம்போல்ட் வகையில் இரண்டு முட்டை, நாற்பது நாள் அடை. புருஷனும் பெண்டாட்டியும் முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவர் பொந்துக்குள்ளே, ஒருவர் கடலிலே.

எங்கள் பக்கத்து வீட்டு மதினி நெத்திலி வாங்கிக் காயப்போட்டு விற்கிறவள். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதையைச் சொன்னேன்.

"ஏட்டி, ஆம்பளை அடைகாக்குதா? சும்மா சொல்லுத!"

"நிஜம்தான் மதினி. பட்டினி கிடந்து காக்குது."

கொஞ்ச நேரம் நெத்திலியைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "சரி, கடலுக்குப் போனவ திரும்பி வரலைன்னா அவன் என்ன செய்வான்?"

கடற்கரைப் பெண் கேட்கும் கேள்வி அது. வேறு யாருக்கும் முதலில் அது தோன்றாது. பதில் இதுதான்: காத்திருந்து காத்திருந்து, உடம்பில் உள்ள கொழுப்பு தீரும் கட்டத்தில், முட்டையை விட்டுவிட்டு அவனும் கடலுக்குப் போய்விடுவான். போகாவிட்டால் அவனும் செத்துவிடுவான். முறை ஒரு பக்கம் அறுந்தால் குடித்தனமே போச்சு. கனத்த எலும்பு, எண்ணெய் இறகு, உப்புச் சுரப்பி எல்லாம் இருந்தும், அந்த வம்சம் நிற்பது போனவர் திரும்பி வருவார் என்ற ஒன்றில்தான். மீன் பக்கத்தில் கிடைத்தால்தான் போனவர் வேளையோடு திரும்ப முடியும்.

பெரு நாட்டுக் கரையில் சில வருஷங்களில் கடல் நீர் திடீரென்று சூடாகிவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வருவதால் அந்த ஊர் மீனவர்கள் அதற்கு 'எல் நினோ', அதாவது குழந்தை இயேசு என்று பெயர் வைத்தார்கள். குளிர்ந்த நீர் மேலே வராது, மீன் ஆழத்துக்கும் தூரத்துக்கும் போய்விடும். ஹம்போல்ட் பென்குயின் தின்னும் மீன் நம் நெத்திலியின் ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970-ல் பெரு நாட்டார் அந்த மீனை 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். பெரும்பகுதி மனிதர் தின்ன அல்ல. அரைத்து மாவாக்கிக் கோழிக்கும் பன்றிக்கும் போட. 1972-ல் எல் நினோவும் வந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் சேர்ந்துகொண்டது. 1973-ல் கிடைத்தது 20 லட்சம் டன்னுக்கும் குறைவு. பென்குயின்கள் பொந்து தோண்டி வாழ்ந்த பறவை எச்சத்தையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே உரத்துக்காக வெட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டிருந்தார்கள். வீடும் போயிற்று, சோறும் போயிற்று.

1982-83 எல் நினோவில் கலபகோஸ் பென்குயின்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் அழிந்தன. தென்னாப்பிரிக்க வகைக்கு நெத்திலியும் சாளையும் (மத்தி) கிடைக்காமல் ஜோடிகள் பத்தாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. 2024 அக்டோபரில் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று அறிவித்தார்கள். 2022-ல் அண்டார்க்டிகாவின் ஒரு பகுதியில் கடல் பனி முன்னதாகவே உடைந்தது. தண்ணீர் ஒட்டாத இறகு இன்னும் முளைக்காத குஞ்சுகள் என்ன செய்யும்? கண்காணித்த ஐந்து எம்பரர் குடியிருப்புகளில் நான்கில் ஒரு குஞ்சு கூடப் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்றார்கள்.

மன்னார் வளைகுடாவுக்கும் சூடு எட்டிவிட்டது. 2010-லும் 2016-லும் இங்கே பவளப்பாறைகள் வெளுத்துப்போயின. பாறை செத்தால் மீன் குஞ்சுக்கு ஒதுங்க இடமேது? "முன்னே விடியுமுன்னே போயி வெயில் ஏறுமுன்னே வந்திருவாரு. இப்போ எண்ணெய்க் காசுக்கே பாதி போவுது. எப்போ வருவாருன்னு சொல்ல முடியலை" என்கிறாள் மதினி. அவளுடைய வீட்டில் முறை மாற ஆள் இல்லை. பிள்ளையைப் பார்ப்பதும் அவள், கருவாடு சுமப்பதும் அவள், கடனுக்குப் பதில் சொல்வதும் அவள். தெற்கே அந்தக் குடித்தனத்தில் நடப்பதும் இங்கே நடப்பதும் ஒரே கதைதான். கடல் கையை விரித்தால் கரையில் காத்திருப்பவருக்குத்தான் முதல் அடி.

வழி இல்லாமலில்லை. தென்னாப்பிரிக்காவில் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றிப் பத்து வருஷத்துக்கு நெத்திலி, சாளைக்கு வலை போடக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு வாங்கினார்கள். நம் கிழக்குக் கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கிறது. மீனுக்கும் பிரசவ காலம் உண்டல்லவா!

சந்தைக்குப் போகும் நம் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. விரல் நீளம் கூட வளராத பெரிய மீன் வகைகளின் குஞ்சுகளை 'பொடி மீன்' என்று மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வளர்ந்தாலும் சின்னதாகவே இருக்கிற நெத்திலியை வாங்குங்கள். முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்து. பிள்ளை பெற்றவர்களுக்கும் வளரும் குழந்தைகளுக்கும் நல்லது. கருவாடானால் நன்றாக அலசி உப்பைப் போக்கிவிட்டுச் சமையுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் பச்சை நெத்திலியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிடாதீர்கள். அப்பா அடைகாக்கும் பகுதி வரும் பக்கத்தை மடித்து, வீட்டுக்காரர் காப்பி குடிக்கும் இடத்தில் வையுங்கள். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொண்டாலும் போதும். நீங்கள் கால் நீட்டி உட்காரலாம், நாலு விநாடிக்கு மேலேயே கண் அயரலாம்.